தபால் பை சுமப்பவரும் தொழிலாளியே

(அரியலூர், பெரம்பலூர் வட்டார ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரை)



சிமெண்டு ஆலையில் தூசி குடிக்கும் தோழர்களும், வெங்காயக் காட்டிலும் முந்திரிக் கொல்லையிலும் முதுகொடியப் பாடுபடும் தோழர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் கூலியைப் பற்றி எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். உங்கள் வாசலுக்கு நாள்தோறும் வந்து போகிற, ஆனால் நம்முடைய பந்தலுக்குள் அதிகம் வராத ஒரு தொழிலாளியைப் பற்றி நான் பேசப் போகிறேன். கிராமத்துத் தபால்காரரைத்தான் சொல்கிறேன்.

அவரைச் சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தோளில் பை, பையில் சர்க்கார் முத்திரை குத்திய கடிதம். நீங்கள் நினைப்பது நியாயந்தான். ஆனால் சர்க்கார் அப்படி நினைக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே அவரை இலாகாவுக்குப் புறம்பான ஏஜெண்டு என்று ஒதுக்கி வைத்தார்கள். சுதந்திரம் வந்து 17 வருஷம் கழித்து, 1964 இல் விதிகள் எழுதியபோதும் அதே பெயர்தான். 2001 இல் 'கிராமீன் டாக் சேவக்' என்று மாற்றினார்கள். ஏஜெண்டு போனான், சேவகன் வந்தான். தொழிலாளி மட்டும் வரவில்லை!

அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். அரியலூருக்காவது ரயில் உண்டு. பெரம்பலூர்ப் பட்டணத்துக்கு அதுவும் கிடையாது; தபால் பை ரோட்டு வழியாகத்தான் வர வேண்டும். பை வந்து சேரும்வரை அவர் காத்துக் கிடக்கிறார். காத்துக் கிடந்த நேரத்துக்குக் கூலி உண்டா? இல்லை. அவருக்குக் கணக்கு நாலு மணி நேரம். அதிகம் போனால் அஞ்சு மணி நேரம். வேலை அத்தனை நேரந்தான் என்று சட்டம் சொல்கிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பச்சைமலை அடிவாரத்துக் குடியிருப்புகளுக்கும் காட்டுக்கொட்டாய்களுக்கும் போய் வருகிற மனிதரிடம் அந்தச் சட்டத்தைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அப்போது சைக்கிள் அவரைச் சுமக்காது, அவர்தான் சைக்கிளைச் சுமக்க வேண்டும். அரியலூர்ப் பக்கம் என்றால் சுண்ணாம்புக்கல் லாரிகள். அந்த ரோட்டில் சைக்கிளில் போகிறவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

போன இடத்தில் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட முடியுமா? "தம்பி, திருப்பூர்லேருந்து ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்கும் கிழவி வழியில் நிற்பாள். "இன்னைக்கு இல்லீங்க ஆயா" என்று சொல்ல வேண்டும். அதைத் தினமும் சொல்ல வேண்டும். மகன் செல்போனில் பேசுகிறான், பணம் பாங்கிக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் கிழவி இந்த மனிதரைத்தான் கேட்பாள். நகையை அடகு வைத்த கடனுக்கு ஏல நோட்டீஸ் வரும். புருஷனுக்குத் தெரியாமல் வைத்த நகை. அவள் கண்ணைப் பார்த்தே புரிந்துகொண்டு, உரக்கப் படிக்காமல், கையெழுத்து எங்கே போடுவது என்று மட்டும் விரலால் காட்டிவிட்டுப் போகிற தபால்காரர்கள் இருக்கிறார்கள். இந்த வேலை எந்த விதியிலும் எழுதப்படவில்லை. இதற்குப் படியும் கிடையாது.

முதியோர் உதவிப் பணம் நம் ராஜ்ஜியத்தில் 1962 இல் மாதம் 20 ரூபாய் என்று தொடங்கியது. வெகுகாலம் அது மணியார்டரில்தான் வந்தது. கைநாட்டு வாங்கி, சாட்சி போட்டு, நோட்டை எண்ணிக் கொடுத்தவர் இவர்தான். ஏழைக் கிழவியிடம் அதிலும் அஞ்சு பத்து பிடித்துக்கொண்ட ஆட்களும் உண்டு. அதை மறைத்துப் பேச நான் இங்கே வரவில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் முதுமைப் பணம் சுமந்தவருக்கு முதுமையில் என்ன கிடைக்கிறது? 65 வயதில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இலாகாவின் நிரந்தர ஊழியர்களுக்குள்ள பென்ஷன் இவருக்கு இல்லை. ஒரு பணிக்கொடை, சேமிப்பில் சேர்ந்த கொஞ்சம் தொகை, அவ்வளவுதான்.

நீலகிரியில் குன்னூர்ப் பக்கம் டி. சிவன் என்ற தபால்காரர் காட்டு வழியே நாளொன்றுக்கு 15 கிலோமீட்டர் நடந்து கடிதம் கொடுத்தார். யானை துரத்தியது, கரடி துரத்தியது. 2020 இல் அவர் ஓய்வு பெற்றபோது தேசமே புகழ்ந்தது. புகழட்டும், தகுதியான மனிதர். ஆனால் ஒரு சிவனைப் புகழ்ந்த பத்திரிகைகள், லட்சக்கணக்கான மற்றவர்களின் சம்பளத்தைப் பற்றி எத்தனை பத்தி எழுதின?

கோர்ட்டு என்ன சொன்னது தெரியுமா? 1977 இல் ராஜம்மா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, இவர்கள் வகிப்பது சர்க்காரின் சிவில் பதவி, இவர்கள் கூலிக்கு வந்து போகிற தற்காலிக ஆட்கள் அல்ல என்று தீர்ப்புக் கூறியது. அப்படியிருந்தும் மற்ற மத்திய சர்க்கார் ஊழியர்களுக்குச் சம்பளக் கமிஷன் என்றால் இவர்களுக்குத் தனிக் கமிட்டி. தல்வார் கமிட்டி, நடராஜ மூர்த்தி கமிட்டி, கமலேஷ் சந்திரா கமிட்டி என்று வந்துகொண்டே இருந்தன. கடைசியாகச் சொன்ன கமிட்டி 2016 நவம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. சர்க்கார் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. 2018 மே 22 அன்று தேசம் முழுவதும் கிராமத் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நம் தமிழ்நாட்டிலும் ஆயிரக்கணக்கான கிளை ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்தன. பதினாறு நாள் உறுதியாக நின்றார்கள். ஜூன் 6 அன்று மந்திரிசபை கூடி முடிவெடுத்தது. பை சுமப்பவருக்கு நாலு மணி நேரத்துக்கு 10,000 ரூபாய், அஞ்சு மணி நேரத்துக்கு 12,000, கிளை போஸ்ட்மாஸ்டருக்கு 12,000, 14,500, அதோடு பஞ்சப்படி. ஒன்றரை வருஷம் தூங்கிய அறிக்கையைப் பதினாறு நாள் போராட்டம் தட்டி எழுப்பியது! ஆனால் எட்டு மணி நேர வேலையும் பென்ஷனும் கிடைக்கவில்லை.

தோழர்களே, கிளைத் தபால் ஆபீஸைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இது இனிப்பான விஷயமல்ல. ஆபீசுக்கு இடம் கொடுப்பது கிளை போஸ்ட்மாஸ்டரின் பொறுப்பு என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே எத்தனையோ ஊர்களில் அவர் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். அந்தத் திண்ணை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது நம் நியாயம். சேரியிலிருந்து போகிற விவசாயத் தொழிலாளி சேமிப்புப் புத்தகத்தோடு வாசலுக்கு வெளியே நின்று கை நீட்டியதும் உண்டு. சேரிக்குள் போகாமல் தெருமுனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உண்டு. தபால்காரரே சேரியிலிருந்து வந்தவரானால், "அங்கேயே வச்சிட்டுப் போடா" என்று சொன்ன பெரிய மனிதரும் உண்டு. சர்க்கார் செலவில் பொது இடத்தில் ஆபீஸ் வைத்தால் இந்தக் கொடுமைக்கு ஒரு கதவாவது அடைபடும். இது தபால் ஊழியரின் கோரிக்கை மட்டுமல்ல, உங்கள் கோரிக்கையும்கூட.

ஆலைத் தொழிலாளிக்கும் தபால்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு 1946 ஐ ஞாபகப்படுத்துகிறேன். ஜூலை 11 அன்று தபால்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஜூலை 22 அன்று பம்பாயிலும், 29 அன்று கல்கத்தாவிலும் தொழிலாளர்கள் அவர்களுக்காக வேலையை நிறுத்தினார்கள். மில்லின் சங்கு அன்றைக்கு ஊதியும் ஆள் போகவில்லை. கடிதம் வராமல் கஷ்டப்பட்டவர்களும் அவர்களேதான். இருந்தும் நின்றார்கள்.

நமக்கு இப்போது முன்னால் இருக்கிற வேலை சின்னது. மே முதல் தேதி ஒவ்வொரு ஊரிலும் கிராம சபை கூடும். விவசாயத் தொழிலாளத் தோழர்கள் முன்கூட்டியே போய் உட்காருங்கள். கிராமத் தபால் ஊழியருக்கு எட்டு மணி நேர வேலை, நிரந்தர ஊழியர் அந்தஸ்து, பென்ஷன், கிளை ஆபீசுக்குப் பொது இடம் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். தலைவர் தயங்கினால் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி அங்கேயே நில்லுங்கள். ஆலைத் தோழர்கள் சங்கக் கூட்டத்தில் அதையே நிறைவேற்றுங்கள். நகலை டில்லிக்குத் தபாலில் அனுப்புங்கள்; உங்கள் ஊர்க் கிளை ஆபீசிலேயே சேர்த்து, ரசீதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.