கட்டுப்பல் பேணல்



மேற்பல்லடியில் நாநுனி பொருந்தத் தகர நகரமும், பல்லும் இதழும் இயைய வகரமும் பிறக்குமென்பது தொல்காப்பியர் கொள்கை. முன்பற்களை இழந்தபொழுது, வகுப்பில் 'வந்தான்' என்னும் ஒரு சொல்லையே செவ்வனே கூறமாட்டாது யாம் நாணினோம், மாணாக்கர் நகைத்தனர். பின்னர் அளவெடுத்துக் கட்டுவித்த பல்செட்டை அணிந்தோம். தொடக்கத்தில் ஈறு புண்பட்டது. மருத்துவர் அராவிச் செம்மைசெய்தார். நாடோறும் உரக்க வாசித்தோம், வகரம் மீண்டது.

திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் நம் முதியோர் பலர் நாணத்தாற் கூழோடு அமைகின்றனர். அது வேண்டா. தேனியை அடுத்த கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிற் சென்று வினவுக.

கட்டியபின் இரவிற் கழற்றித் தண்ணீரில் இடுக. வெந்நீர் ஆகாது, வடிவு கெடும். நீர்நிறைந்த வட்டிலின்மேற் பிடித்து மென்தூரிகையால் துலக்குக, கைதவறினும் உடையாது. தாடையென்பு நாளடைவிற் றேயுமாதலின், தளர்ந்தவழி மருத்துவரிடம் காட்டுக.

அன்பர்காள்! பல் போயிற்றென்று சொல்லையும் இழவாதிருப்போமாக.