உள்நோயாளியா, வெளிநோயாளியா?



மருத்துவமனைக் கட்டிலில் படுத்தவரெல்லாம் உள்நோயாளி என்றே நாம் எண்ணுகிறோம். அவசரப் பிரிவில் இரவெல்லாம் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தவரும், மருத்துவர் ‘சேர்த்துக்கொள்க’ என்று எழுதும் வரையில் வெளிநோயாளியே.

காப்பீட்டுப் பணம் கேட்கும்போது இந்த வேறுபாடு சுடுகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி, உள்நோயாளியாகத் தொடர்ந்து 24 மணி நேரமேனும் இருத்தல் வேண்டும். கண்புரை அறுவை போன்ற பகல்நேரச் சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு. நம் காலனியில் ஒரு குடும்பத்தார் 26 மணி நேரம் காத்துக் கிடந்தும் பணம் மறுக்கப்பட்டது. முதல் ஆறு மணி நேரம் அவசரப் பிரிவில் கழிந்ததாம்!

மணிக்கணக்கு மட்டும் போதாது. சோதனைகளுக்காகவே சேர்ந்ததாகத் தாளில் தோன்றினாலும் மறுப்பர். ‘கண்காணிப்புக்காக’ என்ற ஒற்றைச் சொல்லோடு நில்லாமல், நோய்க்குறி, நாடித்துடிப்பு, ஊசிவழி மருந்தின் தேவை, வீட்டுக்கு அனுப்ப இயலாத காரணம் ஆகியவற்றை எழுதுமாறு மருத்துவரைப் பணிவுடன் கேட்கலாம். இல்லாத நோயை எழுதச் சொல்வது மோசடி. அவ்வாறு யோசனை கூறும் அன்பர்களும் நம்மிடையே உளர்!

ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு இந்தி தெரியாது. நள்ளிரவில் நமக்கோ கை நடுங்கும். ஆகவே தாள் படிக்க மற்றொருவர் உடன் செல்லட்டும். சேர்த்த நேரமும் விடுவித்த நேரமும் விடுவிப்புச் சுருக்கத்தில் சரியாக உள்ளனவா என்று அங்கேயே பார்த்துவிடுக. நிறுவனம் மறுத்தாலும், எழுதிக் கேட்டு ஒரு மாதத்தில் விடை வாராவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விண்ணப்பம் எழுத நம் சங்கத்தார் துணை நிற்பர்.