ஒரு சட்டிப் பயற்றின் சுவை

'ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா?' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. சோற்றை நோக்கி எழுந்த மொழியாயினும், அது பயற்றுக்கே மிகவும் பொருந்தும். அவசர அடுப்பில் பயறு நன்கு வேகாது. அரை வேக்காட்டில் இறக்கிய பயற்றை எத்துணை மசாலையும் சுவைப்படுத்தாது.

நேயர்களே! இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்பிரகமுவ மாகாணம். இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளில் தேயிலையும் இறப்பரும் செழித்திருக்கின்றன. அங்குள்ள லயங்களில் வாழும் தாய்மாருக்கு அடுப்படியில் நிற்கக் கிடைக்கும் பொழுது மிகக் குறைவு. விடியலில் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். மாலையில் திரும்பிய பின்னரே இரவுச் சமையலைத் தொடங்க இயலும். இறைச்சியும் மீனும் நாள்தோறும் வாங்கத்தக்கனவல்ல. இத்தகைய இல்லத்திற்குக் கௌப்பி ஓர் அரிய துணை. தமிழகத்தார் தட்டைப்பயறு என்று கூறுவதும் இதனையே. காய்ந்த கௌப்பி 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம் புரதமும் 8 மில்லிகிராம் இரும்புச்சத்தும் உண்டு.

ஆயினும், 'எவ்வளவு விறகு எரித்தாலும் கௌப்பி வேகவில்லை' என்னும் முறைப்பாடு லயங்களில் அடிக்கடி எழுகிறது. இதற்கு முதற் காரணம் பயற்றின் பழமை. மொனராகலை, அம்பாறை போன்ற வறண்ட நிலங்களில் விளையும் கௌப்பி, ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரிக்கு வந்து சேர்கிறது. வெப்பமும் ஈரமும் கூடிய காற்றில் பல மாதம் கிடந்த பயறு உள்ளுக்குள் இறுகிவிடும். பின்னர் அதனை மென்மையாக்குவது கடினம். ஆகையால் ஒரு மாதத்திற்கு வேண்டிய அளவே வாங்கி, வெயில் கண்ட நாளில் உலர்த்தி, இறுக மூடிய தகரப் பேணியில் வைத்தல் நலம்.

இரண்டாவது காரணம் புளி. புளியோ கொறக்காயோ தக்காளியோ முதலிலேயே சேர்க்கப்படின் பயற்றின் தோலும் பருப்பும் இளகுவது தடைப்படும். அனுபவமுள்ள மாமியார், புதிதாக வந்த மருமகளிடம், "பயறு மசியட்டும் தாயி, அப்புறம் புளியை ஊத்து" என்று சொல்வதில் ஓர் அறிவியல் உண்மையே அடங்கியிருக்கிறது.

இனிச் சமைக்கும் முறையைக் காண்போம். ஐந்து பேருக்கு ஒரு சுண்டு கௌப்பி போதும். கல்லும் பூச்சி அரித்த மணியும் நீக்கிக் கழுவி, ஒரு லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து அதில் ஊறவிட வேண்டும். உப்பு பயற்றைக் கல்லாக்கும் என்று பலர் அஞ்சுவர். உண்மையில் ஊறும் நீரிலுள்ள உப்பு தோலை இளகச் செய்யும். சுவையும் மணியின் உள்ளே இறங்கும். பெரட்டுக்குப் புறப்படுமுன் ஊறவைத்துச் சென்றால், மாலையில் திரும்பும்போது பயறு பருத்துக் காத்திருக்கும். ஆகவே பொறுமை என்பது தாயின் ஓய்வு நேரத்தைக் கேட்பதன்று. அவள் மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்திலேயே பயறு தன் வேலையில் பாதியை முடித்துவிடுகிறது.

மாலையில் அந்நீரை வடித்துவிட்டு, மண்சட்டியில் பயற்றையிட்டு, அதற்கு மேல் இரு விரற்கடை நிற்குமளவு புதுநீர் ஊற்றுக. நறுக்கிய வெங்காயம், தட்டிய பூண்டு, மஞ்சள், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை இலை ஆகியவற்றைச் சேர்க்க. முதற் பத்து நிமிடம் நன்கு கொதிக்கட்டும். பின்னர் கொள்ளியைப் பின்னிழுத்துச் சிறு தீயில் விடுக. நீர் வற்றினால் வெந்நீரே ஊற்ற வேண்டும். ஒரு மணியை இரு விரலிடை வைத்து அழுத்தினால் வெண்ணெய்போல் நசுங்குவதே பதம். அதன் பின்னரே மிளகாய்த்தூளும் புளியும் வேண்டிய உப்பும் இடுக. ஓர் அகப்பைப் பயற்றை மசித்துச் சேர்த்தால் குழம்பு தானே தடிக்கும். இறுதியில் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டிப் பத்து நிமிடம் மூடி வைத்தால், சுவை ஒன்றோடொன்று கலந்துவிடும். ரொட்டிக்கும் சோற்றுக்கும் இது ஏற்றது. விரைவை விரும்பி அப்பச்சோடா இடுவோர் உளர். பயறு விரைவில் வேகும். ஆனால் தயமின் என்னும் உயிர்ச்சத்து அழிவதோடு சுவையும் கெடும்.

மெக்சிக்கோ நாட்டு மக்களும் புள்ளிகள் நிறைந்த 'பிண்டோ' என்னும் விதையை இவ்வாறே சட்டியில் நீர், வெங்காயம், உப்பு ஆகியவற்றோடு நெடுநேரம் வேகவைத்து உண்கின்றனர். அது நம் தோட்டங்களில் காய்க்கும் போஞ்சியின் இனமே. இங்கும் முற்றிய போஞ்சி விதையையும், கடைகளில் விற்கும் சிவப்பு விதையையும் சமைப்பதுண்டு. அவற்றில் ஓர் எச்சரிக்கை தேவை. போஞ்சி இன விதைகளில், சிறப்பாகச் சிவப்பு விதையில், ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் 30 நிமிடம் நன்கு கொதிக்க வைத்தால் அது அழியும். கொதிநிலை எட்டாத வெறும் தணலில் வைத்து இறக்கினால், சில விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கக்கூடும். கௌப்பிக்கும் முதற் கொதி நன்று. போஞ்சி விதைக்கோ அது இன்றியமையாதது.

இறுதியாக ஒன்று. தோட்டத்துப் பெண்களிடையே இரத்தச்சோகை நெடுங்காலமாக இருந்துவரும் குறை. பயற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. ஒரு துண்டு தேசிக்காய் பிழிந்தாலோ, தேசிப்புளி விட்ட கீரைச் சம்பலோடு உண்டாலோ அது கூடுதலாக உடலிற் சேரும். ஆனால் உணவோடு பருகும் தேநீர் அவ்விரும்பைப் பற்றிக்கொண்டு, உடலுக்குச் சேரவொட்டாமல் தடுக்கிறது. தேயிலையைப் பறித்துத் தருபவளின் தட்டிலிருந்தே தேயிலை இரும்பைப் பறித்துக்கொள்வது இரங்கத்தக்கதன்றோ? சாயத்தண்ணீர் குடிக்கும் வழக்கத்தை விட வேண்டுவதில்லை. உண்டபின் ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும்.

காலையில் ஊறவைத்தல், முதலில் நன்கு கொதிக்கவைத்தல், புளியைப் பின்னர்ச் சேர்த்தல், தேநீரை ஆறப்போட்டுக் குடித்தல் ஆகிய நான்கையும் கைக்கொண்டால், ஒரு சுண்டு கௌப்பியே வீட்டார் அனைவருக்கும் சுவையும் வலிமையும் தரும். நாளை விடியலில், பெரட்டுக்குப் புறப்படுமுன், ஒரு சுண்டு பயற்றை நீரிலிட்டுச் செல்லலாம்.