ஓட்டுநர் மறைக்கும் நோய்

தாராவியிலும் செம்பூரிலும் டாக்ஸி, ஆட்டோ, லாரி ஓட்டிக் குடும்பம் காப்பாற்றும் தமிழர் பலரை நாம் அறிவோம். ஓட்டுநர் உரிமம் கோருவோர் நிரப்பும் ஒன்றாம் எண் படிவத்தில் ஒரு வினா உண்டு. காக்காய் வலிப்போ, திடீரென நினைவு தப்புதலோ, தலைச்சுற்றலோ தமக்கு உண்டா என்பதே அது. ‘மயக்கம்’ என்னும் நம் சொல் பின்னிரண்டையும் ஒருங்கே குறிப்பதால், வாய்மொழியாகக் கேட்டு நிரப்புவோர் எதற்கு விடை கூறுகின்றனர் என்பதே ஐயமாகிவிடுகிறது. அது மொழிபெயர்ப்போர் கவலை, இருக்கட்டும்.

ஓட்டுவதை அபாயமாக்கும் நோயுடையவருக்கு உரிமம் மறுக்குமாறு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 8ஆம் பிரிவில், விதிக்கிறது. எத்தனை காலம் வலிப்பின்றி இருந்தால் ஓட்டலாம் என்னும் வரம்பு அச்சட்டத்தில் இல்லை. ஆகவே, மருந்துண்டு ஐந்தாண்டு நலமாயிருப்பவரும், சென்ற வாரம் நடைபாதையில் விழுந்தவரும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றனர். ‘உண்டு’ என எழுதினால் அடுப்பு எரியாது என அஞ்சுபவர் எவ்விடையை எழுதுவார் என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

உரிமம் பெற்றபின் நோய் கண்டால்? ஐயத்திற்குத் தக்க காரணம் இருப்பின் மருத்துவச் சான்று கேட்கவும், உரிமத்தை நீக்கவும் 16ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் அதிகாரிக்குச் சொல்பவர் யார்? நோயை அறிந்தே ஓட்டினால் 186ஆம் பிரிவின்படி அபராதம். 2019ஆம் ஆண்டின் திருத்தத்தால் அது முதன்முறை ஆயிரம் ரூபாய் வரையும், மறுமுறை இரண்டாயிரம் வரையும் ஆயிற்று. பிறர் உயிரோடு ஒப்பிட இது அற்பத் தொகையே.

பிரிட்டனில் ஓட்டுநர் இத்தகைய நோயை உரிம அலுவலகத்திற்குத் தாமே அறிவித்தல் கட்டாயம். அங்கும் 2014 டிசம்பரில் கிளாஸ்கோ நகரில் குப்பை லாரி ஓட்டியவர் நினைவிழந்தமையால் அறுவர் மாண்டனர். அவர் முன்பே ஒருமுறை நினைவிழந்ததை மறைத்திருந்தார் எனப் பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. கட்டாயம் மட்டும் போதாது போலும். ஆயினும் அந்நாட்டில் திரும்பிவர வழியுண்டு. ஓராண்டு வலிப்பின்றி இருந்தவர் பொதுவாகக் கார் ஓட்டலாம். லாரி, பேருந்து ஓட்டப் பத்தாண்டு வலிப்பும் மருந்தும் இன்றி இருத்தல் வேண்டும். இத்தகைய வரையறை நம் சட்டத்திலும் இடம்பெற்றால் உண்மை எழுதும் துணிவு சிலருக்கேனும் பிறக்கும் என்பது நம் துணிபு.

வலிப்பு மட்டுமன்று. இன்சுலின் ஏற்றிக்கொள்பவர் வேளைக்கு உண்ணாவிடில் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து நிதானம் தவறும். சளிக்கு உட்கொள்ளும் மாத்திரைகளிற் சில உறக்கம் தரும். மாட்டுங்காவில் மருந்துக் கடைக்குச் செல்பவராயினும், சயான் மருத்துவமனையில் வரிசையில் நிற்பவராயினும், ‘நான் வண்டி ஓட்டுபவன்’ என்பதை முதலிற் கூறினால், உறக்கம் தராத வேறு மாத்திரை உண்டா, எத்தனை நாள் வண்டியைத் தொடலாகாது என்பவற்றைக் கேட்டறியலாம்.