கடன் யாருடையது?



தேசக்கடன் என்பதைப் பற்றி இன்று பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள. நான் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவன் அல்ல. பட்டம் பெற்றவர்கள் பேசினால் நமக்குப் புரியாது. புரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பெருமை. (சிரிப்பு) ஆதலால், ஒரே ஒரு தேசத்தின் கதையை மாத்திரம் எனக்குத் தெரிந்த மட்டில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றிருக்கிறேன்.

சென்ற கூட்டத்தின் முடிவில் ஒரு தோழர் எழுந்து, “வாங்கின கடனைத் திருப்பிக் கொடுப்பதுதானே நாணயம்? ஒரு தேசம் கடனை வாங்கித் தின்றுவிட்டுப் பிறகு கடன் கொடுத்தவனையே திட்டுவது நியாயமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. நம்மில் பத்து ரூபாய் கைமாற்று வாங்கினவன்கூட, திருப்பிக் கொடுக்கும் வரையில் கொடுத்தவனைக் கண்டால் அடுத்த தெருவழியாகப் போகிறான். அவ்வளவு வெட்கம் நமக்கு இருக்கிறது. அந்த வெட்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பத்திரம் என்று ஒன்றை நீட்டினவுடனே, அதில் யார் கையெழுத்துப் போட்டான், பணம் யார் மடியில் விழுந்தது, இப்போது கட்டுகிறவன் யார் என்று கேட்காமலே தலையை ஆட்டிவிடுகிறோமே, அதைத்தான் குறை சொல்லுகிறேன்.

ஹெய்ட்டி என்று ஒரு தேசம் இருக்கிறது. அமெரிக்காவுக்குத் தெற்கே, மேற்கு இந்தியத் தீவுகள் என்கிறார்களே, அங்கே ஒரு தீவின் மேற்குப் பாகம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அதற்கு சான் தொமாங்கு என்று பெயர். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் குடித்த காப்பியில் பாதிக்குமேல் அந்தச் சிறு பூமியில் விளைந்தது. சர்க்கரையில் ஏறக்குறைய 40 சதவிகிதம் அங்கிருந்து போயிற்று. விளைவித்தவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஆடு மாடு போல் அடைத்துக் கொண்டுவரப்பட்ட ஜனங்கள். 1789 வாக்கில் அடிமைகள் மாத்திரம் ஏறக்குறைய 5 லட்சம் பேர். வந்து இறங்கினவர்களில் பாதிப்பேர் சில வருஷங்களுக்குள் செத்துப்போவார்கள். செத்தால் வேறு ஆள் வாங்கிக்கொள்ளலாம் என்பது எஜமானர்களுடைய கணக்கு.

1791 ஆகஸ்டில் அந்த அடிமைகள் கிளம்பிவிட்டார்கள். தூசேன் லூவர்த்தியூர் என்பவர், தாமே அடிமையாகப் பிறந்தவர், அவர்களுக்குத் தலைவரானார். நெப்போலியன், அடிமைத்தனத்தை மறுபடியும் நிலைநாட்ட 1801 கடைசியில் பெரும்படை அனுப்பினான். தூசேனைப் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துப் பிடித்துக் கொண்டுபோய், பிரான்சில் ஒரு மலைக்கோட்டையில் அடைத்தார்கள். 1803இல் அங்கேயே இறந்தார். அப்படியும் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி 1ந்தேதி தெஸ்ஸலின் என்பவர் சுதந்திரப் பிரகடனம் செய்தார். உலகத்தில் அடிமைகள் தாங்களே போராடி ஒரு தேசத்தை உண்டாக்கினார்கள் என்றால் அது இது ஒன்றுதான்.

இதுவரை கைதட்டுகிறீர்கள். நிற்க; இனிமேல்தான் கடன் கதை ஆரம்பம்.

நம் ஊரில் ஒரு பண்ணையாள் பண்ணையைவிட்டுத் தப்பிப்போய் ஒரு குடிசை போட்டுப் பிழைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்துப் பண்ணையார் தடியாட்களோடு வந்து, “நீ ஓடிப்போனதால் எனக்கு நஷ்டம். உன் விலையையும், உன் பெண்டு பிள்ளைகள் விலையையும் எண்ணி வை” என்கிறார். “பணம் இல்லையே சாமி” என்கிறான். “இல்லாவிட்டால் என்ன? என் மைத்துனன் வட்டிக்குக் கொடுப்பான், கைநாட்டுப் போடு” என்கிறார். இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. ஹெய்ட்டியில் நடந்தது இதே சங்கதிதான். பண்ணையாருக்குப் பதில் பத்தாம் சார்லஸ் என்ற பிரெஞ்சு ராஜா. தடியாட்களுக்குப் பதில் 14 யுத்தக் கப்பல்கள், அவற்றில் ஏறக்குறைய 500 பீரங்கிகள்.

1825 ஏப்ரல் 17ந்தேதி அந்த ராஜா ஒரு உத்தரவு போட்டார். ஹெய்ட்டியின் சுதந்திரத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமானால், தோட்டங்களை இழந்த பழைய எஜமானர்களுக்கு நஷ்டஈடாக 15 கோடி பிராங்கு கட்டவேண்டும். ஐந்து வருஷத்தில் ஐந்து தவணை. பிரெஞ்சுச் சரக்குக்குச் சுங்கமும் பாதியாகக் குறைக்கவேண்டும். தோட்டத்தின் மதிப்பு என்றால் வெறும் மண் மாத்திரம் அல்ல, அதில் உழைத்த அடிமைகளையும் சேர்த்துத்தான். ஆகவே, அடித்தவனுக்கு அடிபட்டவன் நஷ்டஈடு! ஜூலையில் கப்பல்கள் வந்து நின்றன. புவாயே என்ற ஹெய்ட்டித் தலைவர் ஒப்புக்கொண்டார். ஒரு தவணை 3 கோடி பிராங்கு. அது அந்தத் தேசத்துச் சர்க்காரின் வருஷ வருமானத்தைப்போல் ஏறக்குறைய 6 மடங்கு என்று கணக்குப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். எப்படிக் கட்டுவது? மைத்துனன் வந்தான். பாரிஸ் பட்டணத்து லேவாதேவிக்காரர்கள் 3 கோடி பிராங்குக்குப் பத்திரம் எழுதிக்கொண்டு, 60 லட்சத்தைத் தரகு என்று முன்னதாகவே பிடித்துக்கொண்டு, 2 கோடியே 40 லட்சம் கொடுத்தார்கள். அதுவும் ஹெய்ட்டிக்குப் போகவில்லை. பாரிஸிலிருந்து பாரிஸுக்கே போயிற்று. ஹெய்ட்டி ஜனங்களுக்கு வந்தது வட்டி மாத்திரம். இதற்குச் சரித்திரக்காரர்கள் ‘இரட்டைக் கடன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிறகு 1838இல் மொத்தத் தொகையை 9 கோடி பிராங்காகக் குறைத்தார்கள். இதைப் பெரிய தயாளம் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

பிரெஞ்சுக்காரனை மாத்திரம் திட்டிவிட்டுப் போகலாம் என்றால் அதுவும் உண்மையாகாது. கையெழுத்துப் போட்ட புவாயே பணத்தை எங்கிருந்து எடுத்தார்? 1826இல் ஒரு சட்டம் செய்து, குடியானவன் தோட்டத்தைவிட்டுப் போகக்கூடாது என்று கட்டிப்போடப் பார்த்தார். காப்பி ஏற்றுமதிக்கு வரி போட்டார்கள். மலைச்சரிவில் காப்பிச் செடி வைத்த ஏழையின் தலையில்தான் அந்த வரி விழுந்தது. பட்டணத்திலிருந்த பெரிய மனிதர்களும், படை அதிகாரிகளும் தங்கள் பங்கைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1880இல் ஹெய்ட்டி தேசீய பாங்கி என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். பெயர்தான் தேசீயம். அதன் எஜமானர்கள் இருந்தது பாரிஸில். சர்க்கார் பணம் உள்ளே போனாலும் தரகு, வெளியே வந்தாலும் தரகு. 1911இல் காப்பி வரியில் வந்த ஒவ்வொரு 3 டாலரிலும் 2 டாலர் 53 சென்ட் பிரெஞ்சுக் கடன்காரர்களுக்கே போயிற்று. மிச்சம் 47 சென்டில்தான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாதை எல்லாம்!

அப்புறம் அமெரிக்கர் வந்தார்கள். 1914 டிசம்பரில் அமெரிக்கக் கப்பற்படைச் சிப்பாய்கள் அந்தப் பாங்கிக்குள் போய், 5 லட்சம் டாலர் பெறுமான தங்கத்தை எடுத்துக் கப்பலேற்றி, நியூயார்க்கிலுள்ள வால் ஸ்ட்ரீட் பாங்கிக்குக் கொண்டு போனார்கள். மறுவருஷம் படையே இறங்கியது. 1934 வரையில் போகவில்லை. அந்நியன் நிலம் வாங்கக்கூடாது என்று ஹெய்ட்டிக்காரர்கள் வைத்திருந்த பழைய விதியை 1918இல் எடுத்துவிட்டார்கள். சம்பளமில்லாமல் ரோடு போட ஜனங்களைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போனார்கள். பழைய கடனைத் தீர்க்கப் புதுக்கடன், அதைத் தீர்க்க இன்னொரு கடன் என்று, 1825இல் போட்ட முடிச்சின் கடைசிப் பாக்கி தீர்ந்தது 1947இல்! நூற்றிருபத்திரண்டு வருஷம். அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2022இல் இந்தக் கணக்கையெல்லாம் தோண்டியெடுத்து, இந்த இரட்டைக் கடனுக்காக ஹெய்ட்டி கட்டியது இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 56 கோடி டாலர் என்று எழுதியது.

இங்கிலீஷ்காரர் யோக்கியர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1833இல் அடிமை வியாபாரத்தை அல்ல, அடிமைத்தனத்தையே ஒழித்தோம் என்று அவர்கள் பெருமை பேசுகிறார்களே, அப்போது எஜமானர்களுக்கு 2 கோடி பவுன் கொடுத்தார்கள். அடிமைகளுக்கு ஒரு சல்லியும் இல்லை. அதற்காக வாங்கின கடன் தீர்ந்தது 2015இல்.

“இதெல்லாம் பழங்கதை, இப்போது உலகமயம், தாராள வியாபாரம் வந்துவிட்டதே” என்பீர்கள். சரி, அரிசிக்கு வருவோம். அரிசி என்றால் நமக்கு யாரும் வியாக்கியானம் சொல்ல வேண்டியதில்லை.

ஹெய்ட்டியில் ஆர்ட்டிபோனீட் என்று ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. நம் தஞ்சை ஜில்லாவைப்போல் நெல் விளையும் பூமி. 1980 வாக்கில் அந்தத் தேசத்துக்கு வேண்டிய அரிசியில் பெரும்பாகம் அங்கேயே விளைந்தது. 1986இல் துவாலியே என்ற சர்வாதிகாரி பிரான்சுக்கு ஓடிப்போனான். அவன் வாங்கின கடனை அவனோடு அனுப்பவில்லை. ஜனங்கள் தலையில் வைத்துவிட்டுப் போனான். புதுக்கடன் வேண்டுமென்று போனால், சர்வதேச நிதி ஸ்தாபனமும் உலக பாங்கியும், “சுங்கத்தைக் குறை, சந்தையைத் திற” என்றன. 1995இல் அரிசியின் மேலிருந்த இறக்குமதி வரி 3 சதவிகிதத்திற்கு இறங்கியது. அப்போது ஆட்சியிலிருந்த அரிஸ்டீட் என்பவர், ராணுவத்தாரால் துரத்தப்பட்டு, முந்தின வருஷந்தான் அமெரிக்கப் படையின் துணையோடு நாட்டுக்குத் திரும்பியவர். அவர் எவ்வளவு தூரம் ‘மாட்டேன்’ என்று சொல்லியிருக்க முடியும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கப்பல் கப்பலாக அமெரிக்க அரிசி வந்தது. அதற்கு அங்கே ‘மயாமி அரிசி’ என்றே பெயர் வந்துவிட்டது. இதில் புரட்டு எங்கே இருக்கிறது தெரியுமா? சர்க்கார் விவசாயிக்கு ஒத்தாசை செய்வது பாவம், சந்தையின் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பதுதான் ஹெய்ட்டிக்குச் செய்த உபதேசம். அதே சமயத்தில் அமெரிக்க சர்க்கார் தன் நெல் விவசாயிகளுக்குக் கோடிக்கணக்கில் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆகையால் ஆர்ட்டிபோனீட் குடியானவன் போட்டி போட்டது ஆர்க்கன்சாஸ் குடியானவனோடு அல்ல, வாஷிங்டன் கஜானாவோடு! விலை கட்டாமல் நிலத்தை விட்டுவிட்டுப் பட்டணத்துச் சேரிகளுக்குப் போனார்கள். இன்று அங்கே சாப்பிடும் அரிசியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வெளியிலிருந்து வருகிறது. வெளியில் விலை ஏறினால் உள்ளே பட்டினி. 2008இல் அப்படித்தான் கலகம் நடந்து, ஒரு பிரதம மந்திரி பதவி இழந்தார். 2010இல் கிளிண்டன், ஜனாதிபதியாக இருந்து இதைச் செய்தவர், அமெரிக்க செனட் கமிட்டி முன்னால், அது தவறு என்றும், தம் ஆர்க்கன்சாஸ் விவசாயிகளில் சிலருக்கு நன்மையாயிருந்திருக்கலாம், ஹெய்ட்டிக்கு நன்மையாகவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அளவில் அவரை மெச்சலாம். விட்டுப்போன நெல் வயல் திரும்பி வந்ததா?

அந்த 2010 ஜனவரியில்தான் பெரிய பூகம்பம் வந்து பட்டணமே இடிந்தது. மறுநாளே அமெரிக்காவில் டெலிவிஷனில் மதப்பிரசங்கம் செய்துவந்த பாட் ராபர்ட்சன் என்பவர், இந்த ஜனங்கள் பிரெஞ்சுக்காரனிடமிருந்து தப்பிப்பதற்காகப் பிசாசோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், அதன் பலனை அனுபவிக்கிறார்கள் என்று பேசினார். நம் ஊரில் ‘போன ஜன்மத்து வினை’ என்கிறோமே, அதன் கிறிஸ்தவத் தர்ஜமா இது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று உண்மையில் இருந்தது. அது பிசாசோடு அல்ல, பாரிஸ் பாங்கிகளோடு. அதைப் பற்றி அந்தப் பிரசங்கியார் மூச்சுவிடவில்லை. படித்த கனவான்களோ பிசாசு என்று சொல்லாமல், ‘ஆளத் தெரியாத ஜனங்கள்’ என்று சொல்லுகிறார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு சங்கதி. 2003இல் அரிஸ்டீட் மறுபடியும் ஜனாதிபதியாயிருந்தபோது, பிரான்சுக்கு ஒரு பில் அனுப்பினார்: 2,168 கோடியே 51 லட்சத்து 35 ஆயிரத்து 571 டாலர் 48 சென்ட். (சிரிப்பு) அந்த 48 சென்டுக்குத்தான் சிரிக்கிறீர்கள். லேவாதேவிக்காரன் எழுதினால் அப்படித்தானே எழுதுவான்? அவன் பாஷையிலேயே எழுதினார். அடுத்த வருஷம் பிப்ரவரியில் அவர் பதவி போய், விமானத்தில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். உள்நாட்டிலேயே அவருக்கு விரோதமாய்ப் பெரிய கலகம் நடந்துகொண்டிருந்தது. ஆகையால் பில்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பின் வந்த சர்க்கார் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டது. சரியாக 200 வருஷம் கழித்து, 2025 ஏப்ரல் 17ந்தேதி, பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் அந்தப் பழைய உத்தரவு அநியாயமென்று ஒப்புக்கொண்டு, விசாரிப்பதற்கு இரண்டு தேசத்துச் சரித்திரக்காரர்கள் கொண்ட ஒரு கமிஷன் ஏற்படுத்தினார். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அவர் சொல்லவில்லை.

கேள்வி கேட்ட தோழர் இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அவர் கேட்டது ஹெய்ட்டியைப் பற்றி அல்ல, நாணயத்தைப் பற்றி. இந்தக் கணக்கில் நாணயம் தவறியவன் யார் என்று அவர் எழுந்து சொல்லட்டும், நான் உட்கார்ந்துகொள்ளுகிறேன்.