பாடத்தைக் கண்ணிற் காட்டும் கட்டங்கள்

(நமது சங்கத்துக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கல்வியின் பெருமையை இம்மேடையிற் பலர் பலகாற் பேசியுள்ளனராதலின், அதனை மீண்டும் விரித்தல் கூறியது கூறல் என்னுங் குற்றத்தின்பாற் படும். எனவே, கற்பிக்கும் முறைகளுள் ஒன்றனை மட்டும், அதனையும் எம் வகுப்பறையிற் பட்டறிந்தவாறே, எடுத்துரைக்கத் துணிந்தோம். பாடப்பொருளைக் கிளையாகவும் கட்டமாகவும் வட்டமாகவும் வரைந்து கற்பிக்கும் முறையே அது. மேனாட்டார் இவ்வரைவுகளைக் ‘கிராபிக் ஆர்கனைசர்’ என்பர். யாம் பொருளமைப்புப் படம் என்று வழங்குவோம்.

முதற்கண் எம் குற்றத்தைச் சொல்லிவிடுகின்றோம். யாம் தமிழ்ப் புலவராகத் தேறி ஆசிரியப் பணி ஏற்று இருபது யாண்டுகள் ஆகின்றன. நூற்பாவை நெட்டுருச் செய்து ஒப்பித்தவனைக் கற்றவன் என்றே நெடுங்காலம் மதித்து வந்தோம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பெயர்ச்சொல் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என அறுவகைப்படும் என்று மூச்சுவிடாது சொல்லுவான். தேர்விலோ, ‘வெண்மை எவ்வகைப் பெயர்?’ என்ற வினாவிற்கு எதிரே ஒன்றும் எழுதாது விட்டிருந்தான். மற்றைப் பாடங்களிலும் அவன் நிலை அதுவே. ஒருநாள் அவன் தந்தையார் பள்ளிக்கு வந்து, “ஐயா, இவனுக்குப் படிப்பு ஏறவில்லை; கடையிற் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறேன்” என்றார். அவர் குரலிற் சினமில்லை, களைப்பே இருந்தது. “முழு ஆண்டுத் தேர்வு வரையிலேனும் பொறுத்தருளுங்கள்” என்று கேட்டுக்கொண்டோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. ஆறு பெயர்களையும் அறிந்தவன் அவற்றின் உறவை அறியவில்லையெனின், அவ்வுறவைக் காட்டாதொழிந்த குற்றம் எம்முடையதேயன்றோ?

சொல் செவிவழியே ஒன்றன்பின் ஒன்றாகப் புகுவது. பொருள்களின் உறவோ ஒரே வேளையிற் பல திசையினும் செல்வது. அமெரிக்க உளநூலாராகிய ஜார்ஜ் மில்லர், மனம் ஒரே வேளையில் ஏறத்தாழ ஏழு கூறுகளையே தாங்கவல்லது என்று 1956-ஆம் ஆண்டில் எழுதினார். எட்டாவது கூறு வரும்பொழுது முதலாவது நழுவுகின்றது. எட்டினையும் பலகையில் வரைந்துவிட்டால், தாங்கும் சுமையைப் பலகை ஏற்க, மனம் எண்ணுந் தொழிலை மேற்கொள்ளும்.

இம்முறை படிப்படியாக வளர்ந்தது. ஆங்கில அளவைநூலாராகிய ஜான் வென் என்பார் 1880-இல் ஒன்றோடொன்று மேவும் வட்டங்களால் ஒற்றுமை வேற்றுமைகளைக் காட்டினார். புதிய அறிவு மாணவன் முன்னறிந்தவற்றோடு பிணைந்தாலன்றி நிலைபெறாது என்று டேவிட் ஆசுபெல் என்பார் 1960-களில் வற்புறுத்தினார். அக்கொள்கையைத் தழுவி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஜோசப் நோவாக் என்பார் 1972-இல் தொடங்கிய ஆராய்ச்சியிற் கருத்துப்படம் என்னும் முறையை வகுத்தார். அதில் இரு கருத்துக்களை ஒரு கோட்டால் இணைத்து, அக்கோட்டின்மேல் அவற்றின் உறவைச் சொல்லாலும் எழுதுதல் வேண்டும். நம் முன்னோர் பொருளை வகுத்தும் தொகுத்தும் இலக்கணஞ் செய்த முறையோ, வரைவதற்கென்றே அமைந்தாற் போன்றது.

அம்மாணவன் இருந்த வகுப்பில் யாம் மூவகைப் படங்களைக் கையாண்டோம். முதலாவது கிளைப்படம். சொல் என்பதை அடியாக வைத்து, பெயர், வினை, இடை, உரி என நான்கு கிளைகளும், பெயரினின்று ஆறு சிறுகிளைகளும் வரைந்து, சொற்களைச் சீட்டுக்களில் எழுதிக் கொடுத்து உரிய கிளையில் வைக்கச் செய்தோம். வெண்மை என்னுஞ் சீட்டை அவன் குணத்தின் கிளையில் வைத்தான்.

இரண்டாவது இருவட்டப் படம். ‘வந்த பையன்’ என்பதிற் பெயரெச்சம். ‘வந்து சென்றான்’ என்பதில் வினையெச்சம். பெயர் கொண்டு முடிதல் ஒரு வட்டத்திலும், வினை கொண்டு முடிதல் மற்றை வட்டத்திலும் நிற்க, முற்றுப்பெறாமை என்பது இரண்டும் மேவும் நடுவிடத்தில் அமைந்தது.

மூன்றாவது கட்டப்படம். ஐந்திணைகளுக்கு ஐந்து வரிசை. நிலம், தெய்வம், பெரும்பொழுது, சிறுபொழுது, உரிப்பொருள் என ஐந்து பத்தி. தொல்காப்பியர் கூறியவற்றை மட்டும் யாம் எடுத்துரைக்க, மாணவர் நிரப்பினர். இறுதியில் அம்மாணவன் எழுந்து, “ஐயா, பாலைக்கு நிலமும் தெய்வமும் காலியாக இருக்கின்றனவே, விட்டது நானா, தொல்காப்பியரா?” என்றான். வகுப்பு நகைத்தது, யாம் நகைக்கவில்லை. “அவ்வரிசையில் நிரம்பியிருக்கும் கட்டங்களைப் படித்துப் பார்” என்றோம். வேனில் என்றும் நண்பகல் என்றும் படித்தான். சிறிது நின்று, “வெயிலாற் காய்ந்துபோன நிலந்தான் பாலையோ?” என்றான். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறுவதை அவன் அறியான். வெற்றுக் கட்டம் அவனை அதுவரை அழைத்துச் சென்றது. ஒப்பிக்கும்பொழுது இல்லாதது காதிற் படுவதில்லை. கட்டத்திலோ இல்லாததும் கண்ணிற் படுகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இம்முறையை மேற்கொண்ட தொடக்கத்தில், வண்ணச் சுண்ணக்கட்டிகளால் யாமே படத்தை முற்றும் அழகுற வரைந்து, மாணவரைப் பார்த்தெழுதச் செய்தோம். ஒரு கிழமை கழித்து வினவியபொழுது வண்ணங்களைச் சொன்னார்கள், பொருளைச் சொன்னாரல்லர். ஆசிரியன் வரைந்த படம் ஆசிரியன் அறிவையே காட்டும். பாதியை ஆசிரியன் வரைந்து, மீதியை மாணவனுக்கு விடுதலே தக்கது.

ஆராய்ச்சியாளரும் இதனை அளந்து பார்த்துள்ளனர். 5,818 பேரை உட்கொண்ட 55 ஆய்வுகளை ஒருங்கு நோக்கி 2006-இல் வெளிவந்த கட்டுரை, வெறுமனே படித்தலையும் விரிவுரை கேட்டலையும் விடக் கருத்துப்படம் வரைதல் நினைவிற்கு நன்மை பயப்பது என்று கண்டது. 2011-இல் அமெரிக்காவிற் செய்யப்பெற்ற மற்றோர் ஆய்வோ, நூலைப் பார்த்துக்கொண்டே படம் வரைந்தவரினும், நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர் மிகுதியாகத் தேறினர் என்று காட்டிற்று. இரண்டையும் சேர்த்துக் கொள்ளுதலே அறிவுடைமை: முதலில் நூலைப் பார்த்து வரைக; மறுநாள் நூலை மூடி, வெற்றுத்தாளில் அதே படத்தை மீண்டும் வரைக; பின்னர் ஒப்புநோக்கி விடுபட்டதை நிரப்புக. இவ்வாறு செய்யின் மனனமும் கெடாது, பொருளுணர்வும் வாய்க்கும்.

தாய்மார்களே, தந்தையர்களே, இதற்குப் பொருட்செலவில்லை. பழைய நாட்காட்டித் தாளின் பின்புறமும் ஒரு பென்சிலும் போதும். தாம் படித்திலோம் என்று எவரும் பின்வாங்க வேண்டா. மாலையில் விளக்கேற்றியபின், “இன்று படித்ததை எனக்கு வரைந்து காட்டு, இந்தக் கோடு ஏன் இங்கே போகிறது?” என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருத்தல் வேண்டுவதில்லை. பிள்ளை தடுமாறும் இடம் எதுவோ, அதுவே மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இடம்.

அம்மாணவன் அவ்வாண்டுத் தேர்வில் முதல்வனாக வந்தானல்லன், நடுத்தரமாகவே தேறினான். எனினும் கடைக்குச் செல்லவில்லை, இன்றும் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முன் எம்மிடம் பயின்று, மந்தர் என்று எம்மாற் கருதப்பெற்றுப் பள்ளியை விட்டு நீங்கியவர் எத்துணையரோ என்று எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் நோகின்றது. நம் பிள்ளைகளுள் ஒருவரையேனும் ‘படிப்பு ஏறாதவன்’ என்று முடிவு கட்டுமுன், அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்லிப் பார்மின் என்று இவ்வவையை வேண்டுகின்றோம்.