ஓசூர் மண்ணில் மாற்றுப் பொருளாதாரத்தின் தடங்கள்: மாநாட்டுத் தலைமை உரை



முதலாளித்துவத்துக்கு மாற்று உண்டா என்று பேசும் மாநாட்டை ஓசூரில் கூட்டியது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பெங்களூரு 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பதாலும் வளர்ந்த தொழில் நகரம் இது. 1970களில் தமிழக அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. மூன்று மாநில எல்லைகள் சந்திக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், எந்த அரசு அதிகச் சலுகை தரும் என்று பார்த்து மூலதனம் இடம் தேர்ந்தெடுக்கிறது. மாற்று பற்றிய கேள்வியைக் கறாராகக் கேட்க இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் குறைவு.

அமெரிக்கச் சமூகவியலாளர் எரிக் ஒலின் ரைட் மாற்றுப் பொருளாதாரம் பற்றிய ஆய்வுக்கு ஒரு வழி வகுத்துக் கொடுத்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 'மெய்யான கற்பனாலோகங்கள்' என்ற ஆய்வுத் திட்டத்தை 1991இல் தொடங்கினார். 2012இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது அந்த ஆண்டு மாநாட்டின் பொருளாகவே அதை வைத்தார். 2019இல் மறைந்தார். எந்த மாற்றையும் மூன்று கேள்விகளால் சோதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து: அது விரும்பத்தக்கதா, நடைமுறையில் நிலைக்குமா, இன்றிருக்கும் இடத்திலிருந்து அங்கே போய்ச்சேர வழி இருக்கிறதா? அத்தோடு, எந்தப் பொருளாதாரமும் முழுக்க ஒரே வகையானதாக இருப்பதில்லை; மூலதனம், அரசு, மக்கள் கூட்டமைப்பு ஆகிய மூன்றின் அதிகாரமும் வெவ்வேறு விகிதத்தில் அதில் கலந்திருக்கின்றன என்றும் அவர் வாதிட்டார். இந்தக் கலவையை ஓசூரில் தேடினால் கிடைக்கும்.

டைட்டனை எடுத்துக்கொள்ளலாம். 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கூட்டு முயற்சி அது. இன்றும் அதில் ஏறத்தாழ 28 சதவீதப் பங்கு டிட்கோவிடம் இருக்கிறது; டாடா குழுமத்தின் பங்கைவிட அது அதிகம். கடிகாரமும் நகையும் விற்கும் பெரிய நிறுவனமொன்றின் முதன்மைப் பங்குதாரர், பொருள்படி பார்த்தால், தமிழக மக்கள். இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருவாயைக் கொண்டு 1976இல் நிரந்தர நிதியம் ஒன்றை அமைத்து, 1982 முதல் அங்கு வசிக்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பங்குத்தொகை தந்து வருகிறது. இங்கேயோ டைட்டனின் ஈவுத்தொகை டிட்கோவின் கணக்கில் சேர்வதோடு சரி. அதில் ஒரு பகுதியை ஓசூர்த் தொழிலாளர் குடியிருப்புக்கோ குடிநீருக்கோ ஒதுக்கலாமா என்று பொதுமேடையில் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. பொதுவுடைமை ஏட்டில் இருக்கிறது. அதைப் பற்றி முடிவெடுக்கும் பொதுமக்கள் இல்லை.

இரண்டாவது சான்று இன்னும் நெருக்கமானது. 1990களின் நடுப்பகுதியில், மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு, ஓசூர் வட்டாரத்துச் சுயஉதவிக் குழுப் பெண்கள் டைட்டனுக்காகக் கடிகார உலோகப் பட்டைகளின் கண்ணிகளைக் கோக்கும் வேலையை எடுத்தார்கள். பின்னர் அது 'மீடோ' என்ற பதிவுபெற்ற நிறுவனமாயிற்று. வேலை செய்யும் பெண்களே அதன் பங்குதாரர்கள். கூலியும் அவர்களுக்கு, லாபத்தில் பங்கும் அவர்களுக்கு.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதே சமூகவியல் கேட்க வேண்டிய கேள்வி. கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் ஒன்றுபட்ட தர்மபுரி மாவட்டத்தில் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது; பெண்கள் குழுக்களாகச் சேர்ந்தார்கள். 1992இல் நபார்டு வங்கி அத்தகைய குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் திட்டத்தை முன்னோட்டமாகக் கொண்டுவந்தது. கூட்டம் போடுவது, தீர்மானப் புத்தகம் எழுதுவது, கடன் கேட்பவரிடம் முகத்துக்கு நேராக 'இப்போது முடியாது' என்று சொல்வது, குழுவை வழிநடத்தும் ஊக்குநரை மாற்றுவது எல்லாம் அந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்தன. நிறுவனம் நடத்தப் பணத்துக்கு முன்னால் இந்தப் பழக்கம் வேண்டியிருந்தது. மாற்றுப் பொருளாதாரம் பற்றிய நூல்களில் முதலீட்டைப் பற்றி நிறைய இருக்கிறது. கூட்டம் நடத்தும் பழக்கத்தைப் பற்றி மிகக் குறைவாகவே இருக்கிறது.

அதே நேரத்தில் மீடோவின் எல்லையையும் மறைக்கக் கூடாது. எவ்வளவு வேலை வரும், என்ன விலைக்கு வரும் என்பதை வேலை கொடுக்கும் நிறுவனத்தின் தேவையே பெரிதும் தீர்மானிக்கும். வேலையை வெளியே கொடுப்பதால் அந்த நிறுவனத்துக்கும் செலவு மிச்சம். உடைமை பெண்களிடம் வந்தபோதும் சந்தை அவர்கள் கையில் வரவில்லை. ரைட்டின் முதல் கேள்வியில் மீடோ தேறுகிறது. இரண்டாவதில் அதன் நிலை வாங்குபவரைச் சார்ந்திருக்கிறது.

சந்தையையும் சேர்த்துப் பிடித்த முயற்சி கேரளத்தில் நடந்தது. பீடித் தொழிலாளர் பாதுகாப்புக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்தியபோது, மங்களூரு முதலாளிகள் கண்ணூர் வட்டாரத்தில் கடையைக் கட்டிக்கொண்டு கர்நாடகத்துக்குத் திரும்பினார்கள். எல்லை தாண்டி மூலதனம் ஓடுவது எப்படியிருக்கும் என்பது ஓசூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலையிழந்தவர்கள் அரசின் கைகொடுப்போடு 1969இல் தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கி, தங்கள் பெயரிலேயே சரக்கை விற்றார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அது வேலை தந்தது. பின்னாளில் பீடிக்கு மவுசு குறைந்தபோது உணவுப்பொருள், குடை என்று திரும்ப வேண்டியிருந்தது. சங்கமும் அரசும் ஒரே நேரத்தில் தோள்கொடுத்த அந்தத் தருணம் இங்கே இதுவரை வாய்க்கவில்லை.

இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தொழிலாளர் முகம் மாறிவிட்டது. போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் ஆலை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைப்பேசி உதிரிப்பாக ஆலை எனப் புதிய தொழில்கள் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுக்கின்றன. அவர்களில் பலர் வெளிமாவட்டத்தினர், வெளிமாநிலத்தினர். வேலை ஆலையில், தூக்கம் விடுதியில், இரண்டுக்கும் நடுவே கம்பெனி பஸ். சுயஉதவிக் குழுவுக்கு ஊர் வேண்டும்; இவர்களுக்கு இங்கே ஊர் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 2024இல் திறக்கப்பட்ட 18,720 பேர் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் கட்டியது. அப்படிப்பட்ட கட்டடங்கள் இந்த மாவட்டத்திலும் பெருகும்போது அவற்றை யார் நடத்துவது?

தங்கியிருப்பவர்கள் தேர்ந்தெடுக்கும் குழு விடுதியை நிர்வகிக்கட்டும். சுற்றுக் கிராமத்துப் பெண்கள் கூட்டுறவு சமையற்கூடத்தை நடத்தட்டும். காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடியபோது, ஊழியர்களே கூட்டுறவாகச் சேர்ந்து இந்தியன் காபி ஹவுஸை நடத்தத் தொடங்கினார்கள். அதற்கான முதல் சங்கம் 1957இல் பக்கத்துப் பெங்களூருவில்தான் பதிவானது. ஆகவே இது ஆகாத காரியமில்லை. இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. இருபது வயதில் வந்து சில ஆண்டுகளில் திரும்பிப்போகும் ஒரு பெண் எதற்காகக் குழுவில் நின்று பொறுப்பேற்பாள், வேலையிடத்தில் அதனால் தொல்லை வந்தால் அவளுக்கு யார் துணை நிற்பார்கள்? தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசும் பெண்கள் ஒரே அறையில் கூடினால் கூட்டம் எந்த மொழியில் நடக்கும்? இம்மாநாட்டின் முதல் அமர்வு இந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்ளட்டும். விடுதிப் பெண்களையும் அழைத்து, அவர்கள் ஷிப்டு முடிந்து வரும் நேரத்துக்கு அமர்வைத் தள்ளிவைக்கட்டும்.